லேமினேட் கதவுக்கு அடித்த மஞ்சள்

தாம்பரத்தில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா தன் கணவரிடம் சொன்னார்: "நம்ம கிச்சன் கபோர்டு பாம்பு மாதிரி சட்டை உரிக்குதுங்க."

கணவரின் மடியில் பெயிண்ட் கடையின் கலர் அட்டை விரிந்திருந்தது. "நீ உங்க அக்கா ஆபரேஷனுக்கு மதுரை போயிருந்தப்ப, திரும்பி வந்தா சந்தோஷப்படுவேன்னு தானே அடிச்சேன்?"

"சந்தோஷம்தான். ஆனா சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட் லேமினேட்ல நிக்குமா? நேத்து மிளகாய்ப்பொடி எடுக்கலாம்னு கதவத் தொட்டேன், மஞ்சள் கையோட வந்துடுச்சு."

"இப்ப கடைக்காரரக் கேட்டுட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவணும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். வழவழப்புல ஒட்டுற பிரைமர் அடிச்சு, நல்லா காயவிட்டு, அப்புறம்தான் எனாமல் பெயிண்ட்."

"இத அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அவர் உனக்கு போன் போட்டுச் சொல்லிடுவார். சர்ப்ரைஸ் போயிடும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட்டையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"அதே மஞ்சளே இருக்கட்டும்."

கணவர் நம்பவில்லை. "ஊர்ல இருந்து வந்த அன்னிக்கு, பாத்ததும் மூஞ்ச சுளிச்சியே?"

"அது கபோர்டுக்கு இல்லீங்க. மிச்ச பெயிண்ட என் சப்பாத்திப் பலகைக்கும் அடிச்சு வெச்சிருந்தீங்களே, அதுக்கு."

பெருங்களத்தூர் வந்தது. அவர் எழுந்து, அம்மா இறங்க வழிவிட்டபடியே சொன்னார்: "அது மட்டும் இன்னிக்கு வரைக்கும் உரியல, பாத்தியா?"