இடதுபக்கத்துப் பெட்டி

இல்லீங்க சாமி, தியானக் கிளாச நான் குத்தஞ் சொல்லலீங்க. நாளைல இருந்து என்னைய மட்டும் உட்ருங்கன்னுதான் கேக்கறேன். மத்தவிய எல்லாம் வேன்ல ஏறிட்டாங்க, உங்களப் பாத்துட்டு வாரேன்னு நான் நின்னுக்கிட்டேன்.

நானு சின்னாயிங்க. இந்தக் குஞ்சு பொறிக்கிற கம்பெனில பதினோரு வருசமா இருக்கறேன். பொறிச்ச அன்னைக்கே ஒவ்வொரு குஞ்சா எடுத்து ரெக்கைய விரிச்சுப் பாக்கோணுமுங்க. பொட்டைன்னா வலதுபக்கத்துப் பெட்டி, சேவல்னா இடதுபக்கம். முட்டையிடாத சேவலுக்கு யாரு தீனி போடுவாங்க? அந்தப் பெட்டி அரைக்கற மெஷினுக்குப் போயிரும். அது வேற ரூமு, நாங்க அந்தப்பக்கம் போறதில்லீங்க.

முன்னெல்லாம் கை பாட்டுக்குக் கை செய்யும், நானும் பக்கத்துல நின்னு பிரிக்கற அத்தாயியும் ஊர்க்கதை பேசிட்டிருப்போம். அப்பிடித்தான் குஞ்சு மாறிப்போச்சு. பொட்டைன்னு வாங்கிட்டுப் போன சேந்தமங்கலத்துப் பண்ணைக்காரரு ரெண்டு மாசம் வளத்துப் பாத்தா, பாதிக்குப் பாதி கொண்டை எந்திரிச்சு நிக்குது. எங்க மொதலாளி வேலுமணி அய்யா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சுப்போட்டு, எங்களுக்குக் கவனம் வரோணுமுன்னு உங்களக் கூட்டியாந்தாரு.

நீங்களும் புத்தர் படத்த வெச்சுச் சொன்னீங்க. கை எங்க இருக்குதோ மனசும் அங்கயே இருக்கோணும், சட்டி ஏனங் கழுவையில அந்த ஏனத்த மட்டும் நெனைக்கோணும், நிம்மதி தானா வருமுன்னு. வந்துதுங்க, பொய் சொல்லக்கூடாது. தண்ணி சில்லுன்னு இருக்கறதே அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எங்கூட்டுக்காரரு கத்துனாக்கூடக் கோவம் வரல.

அப்பறம் வேலைக்குப் போனனுங்க. உள்ளங்கையில குஞ்சு சூடா இருக்குது. நெஞ்சு படபடன்னு அடிக்கறது வெரல்ல தெரியுது. சின்னக் காலு என்ற வெரலப் புடிச்சுக்குது. இத்தன வருசமா இதெல்லாம் எங்க இருந்துச்சுங்க?

மூச்சக் கவனிக்கறதா? கவனிச்சேனுங்க. என்ற மூச்சக் கவனிச்சா அதோட மூச்சும் தெரியுதே, நான் என்ன பண்ணுவேன்? கருணையோட பாருங்கறீங்க. கருணையோட பாத்துப்போட்டு அதே பெட்டிலதானுங்களே போடறேன். ராத்திரிச் சோத்துல கைய வெச்சா அந்தச் சூடுதான் தெரியுது. அப்பிடியே எந்திரிச்சர்றேன்.

வேலைய உடறதா? நாங்க இருக்கற ஊடு கம்பெனி குடுத்த ஊடுங்க. எங்கூட்டுக்காரரு இடுப்பொடிஞ்சு கட்டில்ல கெடக்கறாரு, எங்கன்னு தூக்கிட்டுப் போவேன்?

கவனிக்காம இருக்கறதுக்கு ஒரு வழி சொல்லுங்க சாமி. பாட்டுப் போட்டுப் பாத்தேன், அத்தாயிகிட்டப் பழையபடி பேசிப் பாத்தேன், ஆகலீங்க. கத்துக்குடுத்தவிய நீங்கதான். நான் வேற யாருகிட்டப் போவேன்?

வேன்காரரு ஆரன் அடிக்கறாரு, வாரனுங்க. அட, மொதலாளி உங்ககிட்டச் சொன்னாருங்களா? இந்த மாசம் என்ற கையில ஒரு குஞ்சுகூட மாறலியாம், அவருக்கு நெம்பச் சந்தோசம். அரைக்கற மெஷின்ல நின்ன மோகன்குமாரு, போன வாரம் பராக்குப் பாத்துட்டு வெரலக் குடுத்துட்டான். அங்க கவனமான ஆளு வேணுமாமுங்க. திங்கக்கெழமைல இருந்து சுச்சுப் போடறது நானுதான்.