அரைப் பேர்

மலைநாட்டில் செயலமர்வு நடத்த வேண்டுமென்றால் முதலில் தேநீரைக் கவனிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிப் போய்விடும். தோட்டத்திலே பிறந்த எனக்கே பாதி வயதுவரை கழிவுத் தூள்தான் வாய்த்தது. அதனால் லிந்துலைக்கு மேலே அந்தப் பழைய துரை பங்களாவைப் பிடித்தபோது, கரும்பலகைக்கும் முன்னால் நல்ல தூளைத்தான் வாங்கிப் போட்டேன். மற்றதெல்லாம் தானாகவே களைகட்டிவிட்டது.

கணிதக்காரர்களையும் கோட்பாட்டுப் பௌதிகக்காரர்களையும் ஒரே கூரைக்குக் கீழே விட்டால் நடக்கும் கூத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒருவர் பிரபஞ்சத்தின் வடிவத்தை ரொட்டியின் மேல் சம்பலால் வரைந்து காட்டினார். எதிரே இருந்த லோஜினி, வவுனியாவிலிருந்து வந்த விரிவுரையாளர், அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப நிறுவுங்கோ பாப்பம்" என்றார். மழையில் மின்சாரம் போனது. போர்வைக்குள் சுருண்டுகொண்டு முடிவிலியைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இந்த வயதில் மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகுமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

பின்னே, செயலமர்வே என்னுடைய தேற்றத்தைப் பற்றியதாயிற்றே. கல்முனையில் பிறந்து வெளிநாட்டில் பெரிய பேர் எடுத்த பேராசிரியர் ஹிஷாம் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். கடைசி நாள் காலையில் நான் நிறுவலை முழுதாகப் போட்டுக் காட்டிவிட்டால், கூலிக்காரர் வரிசை வீடான லயத்தில் பிறந்த இந்தக் கஜேந்திரனின் பெயர் அந்தத் தேற்றத்தோடு உலகம் சுற்றும். என் வாலிபம் முழுக்க அதற்குள்ளேதான் போனது.

பூரணி என் மாணவி. பக்கத்து டிவிஷன் லயத்திலிருந்து யூகலிப்டஸ் தோப்புக் குறுக்குப் பாதையால் தினமும் நடந்து வருவாள். அவளைச் செயலமர்வுக்கு அழைத்ததே நான்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்கு முந்தின மாலை, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மெல்ல எழுந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க. உங்க நிறுவல்ல நடுவுல ஒரு ஓட்டை இருக்குங்க."

இருந்தது. கண்ணெதிரே இருந்தும் இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை. பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அடைச்சிறலாம் சார், எனக்கு வழி தெரியுது" என்றாள் பூரணி. "அப்ப நாளைக்குக் காலையில நீங்க போட்டுக் காட்டுங்க மகள்" என்றார் அவர். அவருடைய பல்கலைக்கழகத்தில் இடமும் இருக்கிறது என்றார். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. பெருநாள் வந்த வீடு மாதிரி இருந்தது.

"அப்ப தேற்றம் ஆருடைய பேரில?" என்று லோஜினி கிண்டினார்.

"சாருக்கு அரைப் பேர் போட்டுறலாங்க!" என்றாள் பூரணி.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த வீரம்மா கேத்தலை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பேராசிரியருக்குப் புரியவில்லை. "அரைப் பேரெண்டா என்ன?" என்றார்.

"கொழுந்து நிறை கொறைஞ்சா அன்னைக்கி முழுச் சம்பளம் கெடையாதுங்க. அரைப் பேருன்னு போட்டுருவாங்க" என்றாள் வீரம்மா.

அவரும் சிரித்தார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன், கண்ணில் நீரே வந்துவிட்டது. என் அம்மா மீனம்மா அரைப் பேர் வாங்கிய நாட்களில் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பூரணி விளையாட்டாகச் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும், சரிதானா என்று பார்க்கச் சொல்லி, ஓட்டையை அடைக்கும் வழியை எனக்கு மட்டும் பலகையில் எழுதிக் காட்டினாள். அடேயப்பா, என்ன அழகு! தனியே நின்று கை தட்டினேன். மழை விடாததால் அவளை வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் நான்தான். அவள் போன பிறகு தோட்டக் காவல்காரன் சோலைமலை வந்தான்.

"ஐயா, தோப்புப் பாதையில யாரையும் விட்டுறாதீங்க. குளவி கலைஞ்சு நிக்குது. ரெண்டு பக்கமும் சேப்புத் துணி கட்டியிருக்கேன்."

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். சிவப்புத் துணியைக் கண்டால் ஆட்கள் பெரிய ரோட்டால் சுற்றிப் போவார்கள். துணி இல்லையென்றால் பயமில்லாமல் நடப்பார்கள்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். சோலைமலை துணியைச் சரியாகக் கட்டவில்லை, காற்றில் அவிழ்ந்துவிட்டது, அவனுடைய கவனக்குறைவால்தான் அந்தப் பிள்ளை பூரணி குளவி கொட்டி இறந்தது என்று எழுதி அவனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மன்னியுங்கள், அது தப்பு. மழையில் நனைந்த முடிச்சு இறுகுமே தவிர இளகாது. இப்படியொரு ஓட்டையை வைத்துக்கொண்டு முடிவுக்கு வந்தால் என்னால் பொறுக்க முடியாது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்தேன். கட்டு நல்ல கட்டு. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் பெரிய ரோட்டால் சுற்றிப்போய், லயத்துப் பக்கத்து முனையில் நான்தான் அவிழ்த்தேன். விரலால் முடியவில்லை, பல்லால் கடித்துத்தான் இழுத்தேன்.

அவள் வரவில்லை என்றதும் நானே எழுந்து நிறுவலைப் போட்டேன். ஓட்டையை அடைத்த இடத்தில் பேராசிரியர் "யா அல்லாஹ்" என்றார். அறையே எழுந்து நின்று கை தட்டியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை. கொழுந்தெடுக்கப் போனவர்கள் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

சாகட்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை. கொஞ்சம் தாமதமாக வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வந்ததும் முன் வரிசையில் உட்காரவைத்து, பேரைச் சொல்லிப் பாராட்டியிருப்பேன்.

அந்தத் துணி எங்கே என்றும் கேட்டீர்கள். பங்களா மண்டபத்தில், பலகைக்குக் கீழே கிடக்கும். அவளுடைய கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது, வருகிறவர்களுக்குப் புரியாது என்று, அவர்கள் எழும்புவதற்கு முன்னால் அதைத் துடைத்துவிட்டு நானே திருத்தமாக எழுதினேன். டஸ்டரைத் தேடினேன், கிடைக்கவில்லை. சட்டைப்பையில் அந்தத் துணிதான் இருந்தது.