பாட்டு தீர்கிற வரைக்கும்

ஒரு பாட்டை ஒரே தடவை கேட்டுவிட்டு நன்றாயில்லை என்று சொல்லக் கூடாது. மூன்று தடவையாவது கேட்க வேண்டும், அதுவும் வெவ்வேறு நாளில். இது என் மனைவி அடைக்கலமேரியின் கட்சி. நானும் அதே கட்சிதான்.

தாளும் பேனாவும் கொடுத்தீர்களே இன்ஸ்பெக்டர் அம்மா, அது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். எழுதினால் வரிசையாக வரும். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணி எழுதுவது வேலை. எண்ணிக்கையில் தவறியதில்லை.

மேரி காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் இருபத்தாறு வருடம் நின்றாள். ஐஸில் கை விறைத்துப் போகும். உள்ளே ரேடியோ வைக்க விடமாட்டார்கள். அதனாலோ என்னவோ, வேலையை விட்டதும் பாட்டாகக் கேட்டாள். எங்கள் வயதுக்காரர்கள் பழைய பாட்டு கேட்பார்கள். இவளுக்கு அது ஆகாது. "அதெல்லாம் நான் எறா உரிக்கசொல்ல வந்ததுயா. இன்னிக்கு இன்னா வந்துகீதோ அதைப் போடு" என்பாள்.

எங்கள் ஒரே மகள் ஜானட் தோஹாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். புதுப் பாட்டெல்லாம் வெள்ளிக்கிழமைதான் வருமாம். அதில் இருபது, இருபத்தைந்து பொறுக்கி அம்மாவின் போனுக்கு அனுப்புவாள். சினிமாப் பாட்டு, கானா, வீட்டிலேயே பாடிப் போடுகிற பிள்ளைகளின் பாட்டு, எல்லாம் இருக்கும். மேரி வந்த வரிசையில்தான் கேட்பாள். பாதியில் தள்ளிவிடுவது கிடையாது. மூன்றாவது தடவை முடிந்ததும் தீர்ப்பு சொல்வாள். சர்க்கரையில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. போனில் எழுத்து தெரியாது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்து ஜானட்டுக்கு அனுப்புவேன். பொண்ணு நல்லா பாடுது, மேளக்காரனுக்குத்தான் பொறுமை இல்ல. இவன் இன்னும் அழுது முடிக்கல, அதுக்குள்ள பாட்டு முடிஞ்சிபோச்சு. இந்த மாதிரி.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு கிட்னியும் போயிற்று. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். முதல் நாள் அந்த மெஷினைப் பார்த்ததும் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தி, கேட்க வேண்டிய பாட்டு எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். நூற்று நாற்பது என்றாள். அதையெல்லாம் யார் கேட்பது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. பாட்டு தீர்ற வரிக்கும் வர்றேன். தீந்துச்சின்னா என்னை வுட்டுரணும்."

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சொன்னது அவள். நான் சரி என்று தலையாட்டினேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து மூன்று வருடம். நான்கரை மணிக்கு எழுந்து, அவளைக் குளிப்பாட்டி, ராயபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, நான்கு மணி நேரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு இயர்போன், அவளுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. வீட்டில் அவள் குடிக்கிற தண்ணீரை டம்ளரால் அளந்து கொடுப்பேன். வாழைப்பழம் கூடாது, தக்காளி கூடாது. இளநீர் கூடவே கூடாது, இதயம் நின்றுவிடும் என்று மெஷின் பார்க்கிற ஜீனத் சிஸ்டர் ஒவ்வொரு மாதமும் சொல்வார். ஒரு தடவை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, தண்டையார்பேட்டை வரை போய்விட்டோம். களைப்பால் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஜீனத் சிஸ்டரையே கேட்டுப் பாருங்கள்.

பிரச்சினை எண்ணிக்கையில்தான் இருந்தது. வாரத்துக்கு நாங்கள் கேட்டு முடிப்பது இருபது. வருவது சராசரியாக இருபத்திரண்டு. போன பொங்கலன்று எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு காத்திருந்தது. இப்படியே போனால் தீரவே தீராது. அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் எப்படிக் காப்பாற்றுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை ஜானட் அனுப்பியதை எடுத்து, போனில் கண்ணில் படாத ஒரு இடத்துக்குத் தள்ளிவைத்தேன். அழிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஜானட் அனுப்பினாளா என்று மேரி கேட்டாள். இல்லை, அவளுக்கு வேலை அதிகமாம் என்றேன். நான்கு வெள்ளிக்கிழமை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜானட் போன் பண்ணுவாள். மேரி பாட்டைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாள். "கேட்டா பாவம் சங்கடப்படும். அதுக்கும் ஒரு வாழ்க்கை கீதுல்ல" என்று என்னிடம் சொன்னாள். ஜானட்டும் கேட்கமாட்டாள், அவளுக்குத்தான் வாராவாரம் தீர்ப்பு போய்க்கொண்டிருந்ததே. அதை நான் எழுதினேன். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவனுக்கு அது பெரிய வேலையில்லை. ஒரே ஒரு தடவை ஜானட், அந்தப் புல்லாங்குழல் பாட்டை அம்மா அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று ஆரம்பித்தாள். சிக்னல் சரியில்லை என்று போனை வாங்கி வைத்துவிட்டேன். "இன்னா பாட்டு சொல்லுச்சு?" என்றாள் மேரி. டிவியில் ஏதோ பார்த்தாளாம் என்றேன்.

எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. முந்நூறு ஆயிற்று, இருநூறு ஆயிற்று. முப்பதுக்குக் கீழே வந்தபோது மேரி மூன்று தடவையோடு நிறுத்தாமல் நான்கு தடவை, ஐந்து தடவை கேட்க ஆரம்பித்தாள். தீர்ப்பைக் கேட்டால் இன்னும் புரியவில்லை, இன்னொரு தடவை போடு என்பாள். பத்து நாளில் முடிய வேண்டியது ஒரு மாதம் இழுத்தது. வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறவர்களை நான் துறைமுகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் விஷயத்தில் அசதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை கடைசிப் பாட்டு முடிந்தது. மெஷினில் இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருந்தது.

"தீந்துச்சா?" என்றாள்.

தீர்ந்தது என்றேன்.

அவள் அந்த வார்த்தையைச் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல கேட்டதுலாம் மறந்தே பூடுச்சுயா. மறுபடியும் மொதல்லேர்ந்து போடு."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த நான் இதை யோசிக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டதில் இது கிடையாது. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. முதல் பாட்டைத் தேடிப் போட்டேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மெஷின் ரிப்பேர், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள் என்று மேரியிடம் சொன்னேன். ஜீனத் சிஸ்டர் போன் செய்தார். லேசான காய்ச்சல், செவ்வாய்க்கிழமை வருகிறோம் என்று அவரிடம் சொன்னேன். ஞாயிறு ஜானட் கூப்பிட்டபோது மேரி தூங்குகிறாள் என்றேன். அது உண்மை. தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு இரண்டு இளநீர் வாங்கி வந்தேன். மூன்று வருடமாக அவள் அதை வாயில் வைக்கவில்லை. வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"டாக்டரு குடிக்கலாம்னாரா?"

"சொன்னாரு, மேரி."

இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒரு சொட்டு வீணாக்காமல். இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று அடுத்ததையும் ஊற்றிக் கொடுத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலரை மணிக்குக் கை மரத்துப்போகிறது என்றாள், இறால் ஐஸில் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். தேய்த்துவிட்டேன். அப்புறம் பேச்சு குழறியது. ஜானட்டைக் கூப்பிடு என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம், போன் என் கையில்தான் இருந்தது. அதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நிறுத்த மனசு வரவில்லை.

டயாலிசிஸ் ஆட்கள் இப்படித்தான் போவார்கள் என்று தெருக்கோடி டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜானட் வந்தாள். அடக்கம் முடிந்து வந்து வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, அம்மா அனுப்பிய தீர்ப்புகளைத் தன் போனிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். இந்த ஐந்து மாதம்தான் அம்மா இவ்வளவு அழகாக எழுதினாள் என்றாள். சனம் சிரித்தது, அழுதது. நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

ஏழாம் நாள் பூசைக்கு முன்னால் ஜானட் அம்மாவின் போனை எடுத்து, கடைசியாக என்ன கேட்டாள் என்று தேடியிருக்கிறாள். நான் தள்ளிவைத்திருந்தது கண்ணில் பட்டுவிட்டது. நானூற்று எண்பத்தேழு பாட்டு. ஒன்றுகூட டவுன்லோட் ஆகவில்லை.

"அம்மா ஒண்ணுகூட கேக்கலையாப்பா?"

இல்லை என்றேன்.

"அப்ப எழுதினது?"

நான்தான் என்றேன்.

"நான் அனுப்பலன்னு அம்மா நெனச்சினு இருந்தாங்களா?"

அவள் பூசைக்கு வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டாள். இப்போது என் போனை எடுப்பதில்லை.

அதனால்தான் நானாக இங்கே வந்தேன். பாட்டை மறைத்ததற்காக மட்டும் அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள். முழு விஷயமும் தெரிந்தால், அம்மாவின் வார்த்தைக்காகத்தான் செய்தேன் என்று புரிந்துகொள்வாள். என் மனைவி அடைக்கலமேரியை நான்தான் கொன்றேன். சனிக்கிழமை மெஷினுக்குக் கூட்டிப் போகாமலும், திங்கட்கிழமை இளநீர் கொடுத்தும் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. சுயபுத்தியோடு எழுதுகிறேன்.

நீங்கள் ஜானட்டிடம் பேசும்போது ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்குக் கடைசியாக ஓடியது அவள் அனுப்பிய பாட்டுதான், ரொம்ப நல்லா இருக்கு என்று அம்மா சொன்னாள் என்று சொல்லுங்கள். மேரி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருப்பாள்.