ராகு காலத்துல யாரையும் உள்ள விடாதே

...ஆறு மணிக்கு மேல வர்றோம்னுதானே சொன்னாங்க? ஆறுக்கு மேலன்னா என்ன, ஆறு அஞ்சு, ஆறு பத்து. இப்ப மணி ஆறு இருவத்தஞ்சு! அவங்க இருக்கற பாணேர்லேர்ந்து நம்ம நிக்டிக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம் எவ்ளோ நேரம்மா ஆகும்? கார்ல அரை மணி. அதுவும் மெதுவா ஓட்டினா. வா மீனு, உள்ள வா, ஏன் வாசப்படியிலயே நிக்கற? அந்தக் கிண்ணத்த மேஜ மேல வையி. என்னமோ கேக்க வந்த, கேளு... இரு இரு, ஒரு நிமிஷம், நான் சொல்லி முடிச்சிடறேன்.

நம்ம ப்ரீதியப் பொண்ணு பாக்க வர்றாங்க. ஆமா, இன்னிக்குத்தான். பையன் பேரு முகுந்த். நான்தான் புடிச்சேன், கல்யாண ஆப்ல. நானூத்தி பன்னெண்டு பசங்கள இந்த விரலாலயே தள்ளியிருக்கேன் தெரியுமா? ஒருத்தன் கூலிங் கிளாஸ கழட்டவே மாட்டேங்கறான், ஒம்போது போட்டோவுலயும். ஒருத்தன் தூங்கற புலிகூட நிக்கறான். ஒருத்தன் அவங்க அக்கா கல்யாண போட்டோவ போட்டு வச்சிருக்கான், அதுல மாப்ள யாரு இவன் யாருன்னே தெரியல. அத்தனையும் தாண்டி இந்த ஒரு பையன். அவங்க அம்மா ரோஹிணி, பேங்க்ல இருந்தவங்க, தன்மையாப் பேசறாங்க. ஜாதகமும் பொருந்திடுச்சு. அதயும் ஒரு ஆப்லதான் பாத்தேன். பத்துக்கு எட்டு.

இந்தப் பொண்ணு என்ன சொல்லிடுச்சு தெரியுமா? "அம்மா, திஸ் இஸ் த லாஸ்ட்." அதாவது இதுவும் சரியா வரலன்னா ஆப்ப அழிச்சிடுவாளாம். இனிமே யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டாளாம். அவ தமிழ்ல சொன்னா கெஞ்சிப் பாக்கலாம். இங்கிலீஷ்ல சொல்லிட்டா அது ஆர்டர்.

இதோ, கை அதிருது பாத்தியா? இந்த வாட்ச்சு! ப்ரீதிதான் வாங்கிக் குடுத்தா. என் நெஞ்சு வேகமா அடிக்குதாம், உக்காந்து மூச்சு இழுத்து விடணுமாம். அடுப்புல எண்ணெய் காயுது, வாழக்கா சீவி வச்சு கறுக்குது, நான் உக்காந்து மூச்சு விடறேன், நீ வந்து பஜ்ஜி போடறியான்னு கேட்டேன். அதிரத்தான் தெரியும் அதுக்கு. நேத்து சப்பாத்தி மாவு பெசையறேன், ரெண்டாயிரம் அடி நடந்துட்டேன்னு கை தட்டுது. எனக்கு முட்டி வலி, அடுத்த ரூமுக்கே நடக்கறதில்ல. அதோட லட்சணம் அவ்ளோதான்.

எங்க வீட்டுக்காரர எங்கன்னு கேக்கறியா? இருக்கார், உள்ள ரூம்ல. சந்தானம் சார் காதுல ரெண்டு வெள்ளக் குமிழி சொருகியிருக்கார்ல, வெளிச் சத்தம் எதுவுமே கேக்காதாம். கடைக்காரன் அவர்கிட்ட அதத்தான் சொல்லி வித்திருக்கான். வெளிச் சத்தம்னா நான்தான். ஏங்க! ஏங்க, பட்டு வேட்டி கட்டியாச்சா? பாரு, ஒரு அசைவு இல்ல. கல்லு மாதிரி உக்காந்து கிரிக்கெட் பாக்கறார்.

அந்தப் பொண்ணும் வீட்ல இல்ல! அஞ்சு மணிக்கு பார்லருக்குப் போறேன்னு போனா, புருவத்துக்கு. ஒன்றரை மணி நேரமா என்ன புருவம்? அவளுக்கு ரெண்டு புருவம்தானே?

போன் பண்ணிக் கேக்கலாமேங்கறியா? நாம பொண்ணு வீடும்மா. "எங்க இருக்கீங்க, எப்ப வருவீங்க"ன்னு நாம கூப்ட்டா, ரொம்பப் பறக்கறாங்கன்னு நெனப்பாங்கல்ல? அவங்க கூப்பிடட்டும். எனக்குத் தோணறது என்னன்னா, வழி காட்ற மேப் இருக்கே, அதுதான் அவங்கள எங்கயோ கொண்டு விட்டிருக்கும். போன மாசம் எங்கள அப்டித்தான் சிஞ்ச்வட்ல ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போகச் சொல்லி ஒரு கம்பெனிக்குப் பின்வாசல்ல நிறுத்திடுச்சு. நான் பட்டுப் பொடவையோட நிக்கறேன், உள்ள ஷிப்டு முடிஞ்சு ஆளுங்க வர்றாங்க, அத்தன பேரும் என்னைப் பாத்துக் கும்புடறாங்க.

இரு, வெளக்கேத்திட்டு வந்துடறேன். எங்கயும் போயிடாதே.

...ம். ஏத்தியாச்சு. வேண்டிக்கிட்டேன் மீனு. முருகா, இதுதான் கடைசின்னு சொல்லிட்டா, பாத்துக்கப்பான்னு. சாமிகிட்ட மட்டும்தான் ஆப் இல்லாம பேச முடியுது.

ஆனா ஒண்ணு, எல்லாத்தயும் திட்டக் கூடாது. இந்தப் போன்ல பேசற பொண்ணு இருக்கா பாரு, நாம சொன்னத அப்டியே செய்யறவ, அவ தங்கம். நல்லா தமிழ் பேசறா. என் பொண்ண விட நல்லாப் பேசறா. போன வாரம் ப்ரீதிதான் காட்டிக் குடுத்தா, "அம்மா, நீ வாயால சொல்லு, அதுவே செட் பண்ணிடும்"னு. நான் மொதல்ல சாம்பார் பொடி அளவு கேட்டேன். கொத்தமல்லிய ஒரு பங்கு கம்மியாச் சொன்னா, திருத்தினேன், "மன்னிக்கணும், நீங்க சொல்றதுதான் சரி"ன்னா! இந்த வீட்ல முப்பத்திரெண்டு வருஷத்துல என்கிட்ட யாரு மன்னிப்பு கேட்டிருக்கா? எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அப்புறம் எங்கூர் காலண்டர்லேர்ந்து ராகு காலம் படிச்சுச் சொன்னேன். திங்கள் ஏழரை ஒம்போது, செவ்வா மூணு நாலரை, இப்டி ஏழு நாளும். டக்டக்குனு எழுதிக்கிட்டா. இப்ப ராகு காலம் ஆரம்பிச்சா எனக்கு ஒரு போன் வராது, ஒரு மணி அடிக்காது. அந்த நேரத்துல நல்ல சேதி வந்தாலும் வேணாம், கெட்ட சேதி வந்தாலும் வேணாம். இன்னிக்கு நாலரைலேர்ந்து ஆறு வரைக்கும் வீடே கோயில் மாதிரி இருந்துச்சு. அமைதியா கேசரி கிண்டினேன். அதனாலதான் ரோஹிணியம்மாகிட்ட ஆறுக்கு மேல வாங்கன்னேன், காரணம் சொல்லல. அவங்க இந்த ஊர்லயே பொறந்து வளந்தவங்க, இதெல்லாம் பாக்க மாட்டாங்க.

சரி, நீ ஐடிதானே? இந்தா, என் போனப் புடி. இதுல செவப்பு செவப்பா நம்பர் நிக்குது பாரு, எனக்கு அதத் தொட பயம். தொட்டா வேற எங்கயோ போயிடுது. போன தடவ தொட்டேன், எங்க நாத்தனாருக்கு அழற பொம்மை போயிடுச்சு, அவ வீட்டுக்காரர் பொறந்த நாளைக்கு. நீ பாரு, ஏதாவது சேதி வந்திருக்கா?

என்ன, ஏன் மூஞ்சி அப்டிப் போகுது?

ஏழு தடவையா? ரோஹிணியம்மா ஏழு தடவ கூப்ட்டிருக்காங்களா? எப்போ? அஞ்சு முப்பத்தஞ்சுலேர்ந்தா? ஐயோ, ஆறுக்கு மேலன்னு சொன்னேனே! ரோடு காலியா இருந்திருக்கும், இந்த ஊர்ல என்னிக்காவது ஒரு நாள் ரோடு காலியா இருக்கும், அது இன்னிக்குத்தான் இருக்கணுமா! ஆறுக்கு அப்புறம் கூப்பிடலயா? ஒரு தடவ கூட? போச்சு. கோவம் மீனு. கோவிச்சுக்கிட்டாங்க. வந்தவங்க மேல வர வேண்டியதுதானே, எதுக்குக் கூப்ட்டாங்க?

அந்த கேட் ஆப்பையும் பாரு. த்வார்மித்ரான்னு பேரு, பச்ச கலர்ல ஒரு கதவு போட்டிருக்கும். அதான். யாரு வந்தாலும் கீழ வாட்ச்மேன் தத்தா அவன் கைல இருக்கற டேப்லட் பலகைல பேரப் போடுவான், இங்க போன்ல கேக்கும், நாம சரின்னு அமுக்கணும். என்ன போட்டிருக்கு? சத்தமாப் படி.

"முகுந்த், மூணு பேர், அனுமதி மறுக்கப்பட்டது."

மறுக்கப்பட்டதா? யாரு மறுத்தா? அந்த தத்தாவா? இன்னிக்கு அவன் சீட்டக் கிழிச்சுடறேன்! பழம் தட்டு பூவோட கார்ல வந்தவங்க, பாத்தா சம்பந்தி மாதிரி இருக்கறவங்க, அவங்கள நிறுத்தி... ஏன், இன்டர்காம்ல ஒரு போன் போட்டிருக்கலாம்ல?

...இன்டர்காம் இல்ல. அது, அத நான்தான் எடுக்கச் சொன்னேன். போன வருஷ அபார்ட்மென்ட் மீட்டிங்ல. தத்தா ஒரு தடவ இன்டர்காம்ல சொல்லிட்டு தண்ணி ஃபில்டர் விக்கறவன மேல அனுப்பிட்டான், அவன் ரெண்டு மணி நேரம் எங்க தண்ணியில என்னென்ன புழு இருக்குன்னு சொல்லிட்டுப் போனான். நான் மராட்டியிலயே கத்தினேன். "பலகைல பச்ச வந்தா விடு, செவப்பு வந்தா கடவுளே வந்தாலும் விடாதே"ன்னு. கை தட்டினாங்கம்மா எல்லாரும். தத்தாவுக்கு லெட்டர் கூடக் குடுத்தோம். சரி, அது அப்போ. அது வேற.

ஆனா செவப்பு யாரு அமுக்கினது? நான் போனயே தொடல, கைல பூரா கடல மாவு. சந்தானம் சார்தான்! அவர் போன்லயும் அந்த ஆப் இருக்கு. ஏங்க! அந்தக் குமிழிய இன்னிக்கு எண்ணெயில போட்டு எடுக்கறேன் பாரு. ஏங்க!

என்ன, அவர் இல்லயா? கீழ இன்னொரு வரி இருக்கா? படி.

"குடியிருப்பவர் அமைத்த விதிப்படி. விதி: ராகு காலத்துல யாரையும் உள்ள விடாதே."

...

மறுபடி படி.

அது நான் சொன்ன வார்த்தைதான். ஆமா. கடைசில சும்மா சொன்னேன் மீனு, ஒரு பேச்சுக்கு! போன் வரக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன். ஆனா அவ "வேறு ஏதாவது செய்யட்டுமா"ன்னு அவ்ளோ பணிவாக் கேட்டாளா, எனக்கும் ஆசையாப் போச்சு, "ராகு காலத்துல யாரையும் உள்ள விடாதே"ன்னுட்டேன். "உங்க கேட் ஆப்லயும் வைக்கட்டுமா"ன்னா. எனக்கென்ன தெரியும், "வையி கண்ணு"ன்னேன். கண்ணுன்னு வேற சொன்னேன்!

பாவி மகளே. அவள இல்ல, என்னச் சொல்றேன். நானூத்தி பன்னெண்டு பேரத் தள்ளினேன், நானூத்தி பதிமூணாவது ஆளா இவனையும் தள்ளிட்டேனே. என் பொண்ணுக்கு இதுதான் கடைசின்னு தெரிஞ்சும் என் கையாலயே... அதிராதே! நீ சும்மா இரு! கழட்டு மீனு, இந்த வாட்ச்சக் கழட்டி அரிசி டப்பாவுல போடு. நான் எப்டி மூச்சு விடணும்னு அது சொல்லவேணாம்.

ப்ரீதிகிட்ட என்ன சொல்லுவேன்? வந்து கேப்பால்ல... என்ன? ப்ரீதிகிட்டேருந்து சேதியா? போட்டோவா? குடு, குடு, என் கண்ணாடி எங்க, தலைலயா, சரி.

இது நம்ம கேட் முனையில இருக்கற அம்ருத்துல்யா டீக்கடதானே? ரோஹிணியம்மா! கையில டீ கிளாஸு. இது அவங்க வீட்டுக்காரர், வாயில பிஸ்கட்டு. இந்த நெட்டையா இருக்கறது முகுந்து. போட்டோவ விட நேர்ல மூக்கு நல்லாருக்கு. நடுவுல யாரு சிரிக்கறது... ப்ரீதியா? இவ இப்டிச் சிரிச்சு நான் பாத்து எத்தன நாளாச்சு! பல்லு பூரா தெரிய சிரிக்கறா மீனு. ஒரு புருவம்தான் எடுத்திருக்கு, பாரு, இன்னொண்ணு அப்டியே இருக்கு! பாதில எழுந்து ஓடி வந்திருக்கா. அவங்க அவளக் கூப்ட்டிருப்பாங்க.

எழுதியிருக்கறத நீ படி, இங்கிலீஷ்ல எழுதியிருக்கா. தமிழ்ல சொல்லு.

"அம்மா, கேட்ல விடல, இங்க உக்காந்து ஒரு மணி நேரமாப் பேசறோம். நீ பக்கத்துல இல்லாம ஃப்ரீயாப் பேச முடிஞ்சுது"... ம், சரி, மேல. "உக்காந்த ஒடனேயே முகுந்த் கேட்டான். நான் ஓகே சொல்லிட்டேன். பஜ்ஜி ரெடியா? வர்றோம்."

ஓகே சொல்லிட்டாளா! அடி என் தங்கமே! முருகா! அழல மீனு, வெங்காயம். வாழக்கா பஜ்ஜிதான், தெரியும், சும்மா இரு.

இரு. எத்தன மணிக்கு ஓகே சொன்னாளாம்? போட்டிருப்பா, எல்லாத்துக்கும் டைம் போடற பொண்ணு. பாரு.

அஞ்சு அம்பத்தி ரெண்டா?

அஞ்சு அம்பத்தி ரெண்டு. ராகு காலம் முடிய இன்னும் எட்டு நிமிஷம். ஒரு ஈ காக்கா உள்ள வரக் கூடாதுன்னு இங்க நான் கதவ சாத்தி வச்சிருக்கேன், அங்க டீக்கடையில உக்காந்து என் பொண்ணு கல்யாணத்தையே முடிச்சுட்டா.

இங்க பாரு மீனு. சேதி எனக்கு எப்ப தெரிஞ்சுது? இப்ப. மணி ஆறு அம்பது. அம்மாவுக்குத் தெரியாம ஒரு பொண்ணு கல்யாணம் நிச்சயமாகுமா? ஆகாது. அப்போ ஆறு அம்பதுக்குத்தான் ஆச்சு. நல்ல நேரம், வெளக்கு வச்ச நேரம். யாரு கேட்டாலும் ஆறு அம்பது. நீதான் சாட்சி, நீ கூடவே இருந்தே. அந்த விதிய மட்டும் இப்ப எடுத்துடு, அவங்க வர்றாங்க, தத்தா மறுபடி... எடுத்துட்டியா? நாளைக்கு ஒம்போதுக்கு மேல திரும்ப வச்சுடலாம்.

எங்க கெளம்பற? ஓ, கிண்ணம். என்னமோ கேக்க வந்தல்ல, இவ்ளோ நேரம் வாயத் தொறக்காம நின்னா எனக்கு எப்டித் தெரியும்? என்ன வேணும்?

ஒற மோரா?

அடடா... வெளக்கேத்தியாச்சேம்மா. வெளக்கு வச்சப்புறம் வீட்லேர்ந்து தயிர் மோர் வெளிய குடுக்க மாட்டோம் நாங்க. வந்த ஒடனே கேட்டிருக்கலாம்ல?