ஏழாவது சொல்

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், காலையிலிருந்து நெஞ்செரிச்சல். நீங்கள் குடியுங்கள். நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

என் பெயர் விக்டர். தில்லை நகரில் ஒரு சின்ன கம்பெனியில், யாரோ எழுதிவிட்டுப் போன பில்லிங் மென்பொருளுக்கு ஒட்டுப்போடும் வேலை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். வருஷக்கணக்காக அதையே செய்து களைத்தவனுக்குச் சுத்தமாக ஒரு சின்னப் பொருளாவது வேண்டியிருக்கும்.

அதனால்தான் நானும் வேணுகோபாலும் ஒரு மொழி செய்தோம். கல்லூரியிலிருந்தே என் நண்பன் அவன். ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவதற்காக, சும்மா விளையாட்டாகச் செய்தது. எண்களைத் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மேலே இருப்பதைத்தான் எடுக்க முடியும். வை, எடு, கூட்டு, கழி, புரட்டு, திரும்பு. ஆறே சொற்கள். ‘பெருக்கு’ கூட இருந்தது. கூட்டிக்கொண்டே போனால் பெருக்கல்தானே என்று நீக்கினேன். அடுக்கு காலியாக இருக்கும்போது ‘எடு’ என்றால் பூஜ்யம் வரும். விதிவிலக்கே கிடையாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

வேணு திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவன். அங்கே தகடு வளைக்கும் பெரிய பிரஸ் ஒன்றுக்கு, அதை இயக்கும் புது எலெக்ட்ரானிக் போர்டு போட்டார்கள். அதன் நினைவகத்தில் இடம் குறைவு. எங்கள் மொழி கச்சிதமாக அடங்கியது. ஓடுவதைப் பார்க்க என்னையும் கூப்பிட்டான்.

மெஷினை இயக்கியவர் ஆபிதா. "மெஷினுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது நீங்கதானா சார்? வீட்டுல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார். தகடு கோணினால் தலையையும் தோளையும் உள்ளே விட்டுத்தான் அவர் சரிசெய்ய வேண்டும்.

பிறகு வேணு எழுதியிருந்ததைத் திரையில் பார்த்தேன். ஏழாவதாக ஒரு சொல் இருந்தது. ‘இருக்கா’.

"இது என்னடா?"

"அடுக்குல ஏதாவது இருக்கான்னு பாக்கும். இல்லேன்னா மெஷினை நிறுத்திடும். பூஜ்யம் வந்தா பிரஸ் கீழ இறங்கும் விக்டர். உள்ள ஆள் தலைய விடுறாங்க."

"காலியாகாம எழுத வேண்டியதுதானே?"

"நான் மனுஷன்டா. எங்கயாவது தப்பு பண்ணுவேன்."

அவன் சொன்னது நியாயம்தான். நான் அதை எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் இப்படித்தான் ஆரம்பிக்கும் மேடம். நியாயமான காரணத்தோடு ஒன்று உள்ளே வரும், அதன் பின்னால் இன்னொன்று. எங்கள் பில்லிங் மென்பொருளும் ஒரு காலத்தில் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

மொழியில் திருத்தம் செய்தால் என் வீட்டிலிருந்தே போர்டுக்கு அனுப்ப வேணு வழி செய்து கொடுத்திருந்தான். அடுத்த திருத்தத்தில் ‘இருக்கா’ எந்த வேலையும் செய்யாதபடி ஆக்கினேன். அவன் எழுதிய வரிகளைத் தொடவில்லை. திரையில் அந்தச் சொல் அப்படியே தெரியும். அவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தேன்.

மழைக்காலம் முழுக்க மெஷின் நன்றாகவே ஓடியது. என் பக்கம்தான் சரி என்பதற்கு அது போதுமென்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது வேணு போன் செய்தான். "நேத்து பிரஸ் தானா ஒரு தரம் இறங்கிருச்சுடா. நல்லவேளை, ஆபிதா டீ குடிக்கப் போயிருந்தாங்க. நீ எதுவும் மாத்தலையே?"

"இல்லடா. சென்சார் வயரைப் பாரு" என்றேன்.

நம்பினான். வயரை மாற்றினான். மறுநாள் ஆபிதா தகட்டைச் சரிசெய்யக் குனிந்திருந்தபோது பிரஸ் இறங்கியது. மற்றதை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

உங்கள் ஆட்கள் போர்டைக் கழற்றுவதற்குள் ‘இருக்கா’வைப் பழையபடி வேலை செய்ய வைத்துவிட்டேன். நிபுணர்கள் சோதித்தபோது மொழியில் குறையில்லை. வயரை மாற்றியதில்தான் வேணு அலட்சியமாக இருந்துவிட்டான் என்று எழுதினார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

அவன் மனைவி நிஷா என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, அவர் மெஷின் விஷயத்துல அலட்சியமா இருக்கிற ஆளா? நீங்களே சொல்லுங்க." இல்லை என்றுதான் சொன்னேன். உண்மையும் அதுதானே. வக்கீல் ஒருவரைக்கூட ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

ஏன் இப்போது வந்தேன் என்று கேட்பீர்கள். போன வாரம் ஜெயிலில் வேணுவைப் பார்த்தேன். "என் கைதான்டா எங்கயோ தப்பு பண்ணிருக்கு. அந்தம்மா முகம் கண்ணுலயே நிக்குது" என்றான். அவனுக்கு ஆறுதல் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் ஆபிதா இன்று வேலைக்குப் போயிருப்பார். சொல்லியிருக்கலாம். சொன்னால் வேணு அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவான் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன்.

கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடைசியில் நானே அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்க்க வேண்டி வந்தபோது, விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஆபிதாவுக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.