இரண்டு கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் காலண்டர் அச்சகக்காரர் ஒருவரும் அவருடைய அக்கா மகளும் இருந்தார்கள். அவருக்குப் புரோகிராம் எழுதித் தருவதுதான் அவளுடைய முதல் வேலையாம்.

"ஒரே அச்சுப் பிளேட்ட ரெண்டு மிஷின்ல மாட்ட முடியாது தாயி. ஆபீஸ்ல ஓடுற புரோகிராம் டிசைன் ரூம்ல இருக்குற வேற ரகக் கம்ப்யூட்டர்ல ஓடலையே."

"ரெண்டுலயும் ஓடுற மாதிரி எழுதலாம் மாமா. அதுக்கு ரெண்டு டூல் இருக்கு. ஒண்ணு, பிளேட்டோட மிஷினையும் சேத்துப் பெட்டியில வச்சு அனுப்புற மாதிரி."

"கனக்குமே?"

"கனக்கும். பழைய கம்ப்யூட்டர் திணறும். இன்னொண்ணு லேசு, பிளேட்ட மட்டும் அனுப்பி அங்க இருக்குற மிஷின்லயே ஓட்டுற மாதிரி. ஆனா அங்கன ஒரு எழுத்து, இங்கன ஒரு பட்டன் கொஞ்சம் தள்ளி நிக்கும்."

"அச்சுல தள்ளி நின்னா அது வேஸ்ட் ஷீட்டுல்ல? ஆடிப்பெருக்குக்குப் புது வருசக் காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து ஆல்பம் போடணும், ஆர்டர் குவியும். எதுல எழுதப்போற?"

அவள் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்தாள். அவரே மறுபடி கேட்டார்.

"ரெண்டு ரூம்லயும் ஒரே ரகக் கம்ப்யூட்டரா வாங்கிப் போட்டுட்டா?"

"குழப்பமே இல்ல. உங்க பழைய புரோகிராமே போதும்."

"அப்ப நீ எதுக்குத்தா?"

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அதத்தான் மாமா, நானும் விருதுநகர்லருந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன்."