கீழ்ப்பக்கத்து கோல்

ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருவர். குடை வைத்திருந்தவருக்குத் தன் ஊர் கால்பந்து அணியின் மேல் சந்தேகம்.

“இந்த சீசன்ல மூணு மேட்சும் போச்சு. நம்ம கோல்கீப்பர் மேல்பக்கம் நின்னா ஒரு கோல்கூட வுடறதில்ல. கீழ்ப்பக்கம் போனாத்தான் வுடறான்.”

“கிரவுண்டு சரிவுண்ணே. பந்து வேகமா வருது.”

“போன வருசமும் அதே சரிவுதான? ஒண்ணுகூட வுடலியே. கீழ்ப்பக்கம் புதுசா இன்னா வந்துச்சு?”

“ஒண்ணுமில்லண்ணே. என் வூடுதான். தை மாசம் குடி வந்தோம்.”

“வூட்ல யார் யாரு?”

“நான், சம்சாரம், பொண்ணு. பொண்ணுக்கு மாப்ள பாத்துனு இருக்கோம்.”

குடைக்காரர் குடையை மடியில் கிடத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் மூன்று வளைவுகள் தாண்டியது. பிறகு மற்றவர் மெதுவாகக் கேட்டார்.

“அடுத்த மேட்சு என்னிக்குண்ணே?”